ராகு காலத்தில் விழித்த கம்ப்யூட்டர்

அத்தியாயம் 3

போன அத்தியாயத்தில் காணாமல் போன நாய் தானாகவே வீடு திரும்பிவிட்டது. அதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று எங்கள் மேடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாய் வாயைத் திறக்காதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த அத்தியாயத்தில் நாய் கிடையாது. ஒரு கல்யாணம் இருக்கிறது. அதுவும் நாய் மாதிரியே கையைவிட்டு ஓடப் பார்த்தது.

2007-ஆம் வருடம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்தை நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் விசிட்டிங் கார்டில் உதவித் துப்பறிவாளர் என்று போட்டிருக்கிறது. துடைப்பத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. என் பெயர் எழில். வயது முப்பத்தைந்து, கோவளம் குப்பத்துக்காரன். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகைப் பார்த்தாலே குமட்டும். அதனால்தான் துப்பறிய வந்தேன், வேறு லட்சியம் எதுவும் இல்லை.

மேடத்தின் முழுப்பெயர் அபிதகுஜாம்பாள். கார்டு அடித்தவன் இடம் போதவில்லை என்று அபிதாவோடு நிறுத்திக்கொண்டான். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். ஒருவர் "ஹலோ" சொல்லும் விதத்திலேயே அவர் வீட்டில் இன்று சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவார்.

அப்போதுதான் அந்தப் பெண் படியேறி வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது. தோளில் கைப்பை, கையில் ஒரு கவர்.

"மேடம், என் பேரு சரிதா. பெருங்களத்தூர். அடுத்த வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம். இன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு அது நின்னுடும்."

"டைம் போட்டு நிக்கிற கல்யாணத்த இப்பதான் மேடம் பாக்குறேன்" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

சரிதா கவரை மேஜைமேல் வைத்தாள். மாப்பிள்ளை பெயர் மதியழகன். கீழ்க்கட்டளையில் டூவீலர் மெக்கானிக். அவர் அம்மா கிளியம்மாள் அங்கேயே மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அப்பா இல்லை. எல்லாம் பேசி முடித்து, பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை தபாலில் கிளியம்மாளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதுதான் இது.

மேடம் சத்தமாகப் படித்தார்.

"அம்மா அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். தாங்கள் பேசி முடித்திருக்கும் சரிதா மிகவும் நல்ல பெண். குடும்பமும் நல்ல குடும்பம். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான் சொல்ல விரும்பவில்லை. தங்கள் நேரத்தை வீணடித்திருந்தால் மன்னிக்கவும். இப்படிக்கு, தங்கள் நலம் விரும்பி."

"இதுல திட்டு எங்க மேடம் கீது? எங்க மாமியார் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புனாலே இத்தவிட மோசமா இருக்கும்."

"திட்டியிருந்தா பரவாயில்ல சார்" என்றாள் சரிதா. "எது சொன்னாலும் பொய்யின்னு காட்டலாம். சொல்லாத ஒண்ணை எப்படிப் பொய்யின்னு காட்டுறது? அத்தைக்கு மூணு நாளாத் தூக்கமே இல்ல. புதன்கிழமை வந்து சவுரியான்னு என் முடியைப் புடிச்சு இழுத்துப் பார்த்தாங்க. நேத்து காலையில தெருக்கோடி வரைக்கும் நடந்து காட்டச் சொன்னாங்க. சாயந்திரம் நூறுலேர்ந்து தலைகீழா எண்ணச் சொன்னாங்க."

"எண்ணினியா?" என்றார் மேடம்.

"எண்ணினேன். எண்பத்திமூணை விட்டுட்டேன். அதுவே பெரிய விஷயமாப் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எழுதினது யாரு, அந்த விஷயம் என்ன, ரெண்டும் இன்னைக்கு ஒரு மணிக்குள்ள தெரிஞ்சாகணுமாம். இல்லேன்னா மண்டபத்துக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுவாங்களாம். அவர் அம்மா பேச்சைத் தட்ட மாட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். வேற யாரையும் என்னால நினைச்சுப் பார்க்க முடியாது" என்றாள். 

மேடம் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குப் பூதக்கண்ணாடி பிடிக்காது. வெள்ளெழுத்துக் கண்ணாடியே போதும் என்பார்.

"எழில், அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?"

படித்தேன். "சுப நேரத்தில் அச்சிடப்பட்டது. திங்கள் காலை 8.10."

"மொட்டைக் கடுதாசிக்குச் சுப நேரம் பார்த்த ஆளு யாருய்யா?" என்றார் மேடம். பிறகு சரிதாவிடம் கேட்டார். "உன் ஜாதகம் கையில இருக்கா?"

கல்யாணம் நிச்சயமான பெண்ணின் கைப்பையில் ஜாதகம் இல்லாமல் இருக்குமா? எடுத்துக் கொடுத்தாள். அதிலும் அடியில் அதே பொடி எழுத்து, அதே சுப நேர வரி; கிழமையும் மணியும்தான் வேறு. எல்லா வரியிலும் எழுத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. பிரிண்டரில் ஒரு ஊசி போய்விட்டால் அப்படி விழும். கடிதத்திலும் அதே கோடு.

"ஜாதகம் எங்க எடுத்தது?"

"அஸ்தினாபுரத்துல, சுபமங்களத் திருமணத் தகவல் மையம். எங்க ரெண்டு பேர் ஜாதகத்தையும் சேர்த்து வெச்சதே அவங்கதான்."

சேர்த்து வைத்த இடத்திலிருந்தே பிரித்து வைக்கும் கடிதம். மேடம் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் துடைப்பத்தைச் சந்தோஷமாக மூலையில் சாத்தினேன்.

ஷேர் ஆட்டோ சிட்லபாக்கம் வழியாக சரிதாவையும் எங்களையும் குலுக்கிக் கொண்டுபோய் இறக்கியபோது மணி பத்து நாற்பது. மெயின் ரோட்டின்மேல் தரைத்தளத்திலேயே இருந்தது அந்த மையம். கம்பிக் கதவு, உள்ளே சுவர் முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகளின் படங்கள். நடுவில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர். இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள வாங்க, உக்காருங்க. ஆனா பன்னெண்டு மணிக்கு மேலதான் வேலை" என்றார் பெரிய நாற்காலியில் இருந்த அம்மா. அறுபது வயது, கையகல ஜரிகைக் கரைப் புடவை. அவர்தான் உரிமையாளர் பாலாம்பாள். "வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். இந்த ஆபீஸ்ல ராகு காலத்துல எதுவும் ஆரம்பிக்கிறதில்ல."

"பேசலாமா?" என்றார் மேடம்.

"பேசலாம். நான் பேச ஆரம்பிச்சது ஒன்பதரைக்கு."

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் தட்சிணாமூர்த்தி. ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி. பதினைந்து வருடமாக அங்கே ஜாதகம் கணிப்பது, டைப் அடிப்பது, காலை ஏழரைக்கு ஆபீஸைத் திறந்து சாமி படங்களுக்குப் பூப் போடுவது எல்லாம் அவர்தான். அவர் முன்னால் ஒரு டம்ளர் டீ, தட்டு போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது.

"ஆறிடப் போவுது சார்" என்றேன்.

"பத்து முப்பத்தஞ்சுக்குத்தான் வந்துது. பன்னெண்டுக்கு மேல குடிச்சுக்கறேன்" என்றார் பயபக்தியோடு.

மேடம் கடிதத்தை எடுத்து நீட்டினார். பாலாம்பாள் படித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடியில் இருந்த பொடி எழுத்துக்கு வந்ததும் பளிச்சென்று மலர்ந்தது.

"இது எங்களுது இல்ல. யாரோ எங்களை மாதிரியே செஞ்சிருக்காங்க. திங்கள் எட்டு பத்து ராகு காலம். ஏழரை ஒன்பது. அந்த நேரத்துல எங்க கம்ப்யூட்டர் எழுந்திருக்காது."

"கம்ப்யூட்டர் எழுந்திருக்காதா?" என்றார் மேடம்.

"வேலை நேரத்துல வர்ற ராகு காலத்தை நாங்க பாத்துக்குவோம். காலையில வர்றதை அதுவே பாத்துக்கும். சொல்லி அஞ்சு வருஷம் முன்னாடி செஞ்சு வாங்கினது. லினக்ஸ் கம்ப்யூட்டர். ராகு காலத்துல ஸ்விட்ச் போட்டா, 'ராகு காலம், பொறுத்திருக்கவும்'னு எழுதிக் காட்டிட்டு அப்படியே நிக்கும். நேரம் முடிஞ்சாத்தான் மேல போகும். பிரிண்டர் அதுக்கப்புறம்தான் உயிர் பெறும். இந்த ஏரியாவுல வேற எந்த மிஷினுக்கும் இந்த பக்தி கிடையாது."

தட்சிணாமூர்த்தி தலையாட்டினார். ஆனால் ஒரு தலையாட்டு குறைந்த மாதிரி எனக்குப் பட்டது.

மேடம் என்னைப் பார்த்து மூக்கைச் சொறிந்தார். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம் உண்டு. நான் காலை நீட்டுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் இருந்த பிளக்கை உதைத்தேன். திரை அணைந்தது.

"அடடா, மன்னிச்சுக்கங்க மேடம். இன்னாத்துக்கு இத்த வழியிலயே வெச்சிக்கினு கீறீங்க?"

"போச்சு" என்றார் பாலாம்பாள். "இனிமே பன்னெண்டுக்குத்தான் எழுந்திருக்கும். சரி, உங்களுக்கும் ஒரு நிரூபணம் ஆச்சு. போட்டுப் பாருங்க."

மேடமே குனிந்து பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தட்சிணாமூர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். டீயைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மேல் மூலையில் வந்தது: "ராகு காலம், பொறுத்திருக்கவும்."

"பாத்தீங்களா?" என்றார் பாலாம்பாள்.

பார்த்தோம். அந்த வரி மூலையில் பொறுமையாக நின்றது. ஆனால் அதைத் தாண்டி மற்ற எழுத்துகள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தன. நீலத்திரை வந்தது. பிள்ளையார் படம் வந்தது. ஜாதகப் பக்கம் திறந்து "வணக்கம்" சொன்னது. பிரிண்டர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டி, சோம்பல் முறித்து, தயாராகி நின்றது.

"இருபத்திரண்டு செகண்ட்" என்றார் மேடம். "மணி பத்து ஐம்பத்தேழு. சுத்தமான ராகு காலம்."

பாலாம்பாள் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தெய்வமே, இதுக்கு என்ன ஆச்சு?"

"இந்த மிஷினைச் செஞ்சு கொடுத்தது யாரு?" என்று கேட்டார் மேடம்.

நாலு கடை தள்ளி பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கார்த்தி. நான் போய் அழைத்து வந்தேன். சட்டையில் பெங்குவின் படம், கண்ணில் தூக்கம். உள்ளே நுழைந்ததும் திரையைப் பார்த்து அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"செம ஸ்பீடு இல்ல? முன்னாடி மூணு நிமிஷம் எடுக்கும். போன சனிக்கிழமை மத்தியானம் வந்து புது ஸ்டார்ட்டப் சிஸ்டத்துக்கு மாத்திட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் பாலாம்பாள்.

"சொன்னேன் மேடம். 'இனிமே சீக்கிரம் எழுந்துக்கும்'னு சொன்னேன். நீங்க 'நல்லது'ன்னீங்க."

"பழைய சிஸ்டத்துக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மேடம். "எழிலுக்குப் புரியற மாதிரி சொல்லு."

கார்த்தி சொன்னான். பழைய முறையில், கம்ப்யூட்டர் எழும்போது செய்யவேண்டிய வேலைகள் நம்பர் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கடிகாரம் மூன்றாவது. பாலாம்பாளுக்காக அவன் எழுதிய ராகு காலக் காவல் நான்காவது. பிரிண்டர் எட்டாவது. ஜாதகம் பத்தாவது. நான்காவது ஆள் நகராமல் பின்னால் யாரும் நகர முடியாது. புது முறையில் வரிசையே கிடையாது. எந்த வேலைக்கு எது முன்னால் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும்.

"அதாவது, தாம்பரம் ஸ்டேஷன்ல ஒரே கவுன்ட்டர் தொறந்து கீது. மொத ஆளு சில்லறைய தேடிக்கினு கீறான், பின்னாடி எல்லாம் பேஜாராயி நிக்கிது" என்றேன். "இப்போ எல்லா கவுன்ட்டரையும் தொறந்துட்ட. அவன் மட்டும் இன்னும் தேடிக்கினே கீறான், மத்தவன்லாம் ரயிலேறி பூட்டான். கரெக்டா?"

"கரெக்ட் சார்."

"பிரிண்டர் ராகு காலத்துக்குக் காத்திருக்கணும்னு நீ எழுதிக் கொடுக்கலையா?" என்றார் மேடம்.

கார்த்தி தலையைச் சொறிந்தான். "பிரிண்டருக்கு எதுக்கு மேடம் ராகு காலம்? எனக்குத் தோணவே இல்ல. நான் டெஸ்ட் பண்ணினது சனிக்கிழமை ஒரு மணிக்கு. அப்போ நல்ல நேரம். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. அது வருடத்துக்கு இரண்டு தடவை அடிக்கும். "மேடம், மாட்னான். மிஷின் ராகு காலத்துல எழுந்துக்கும்னு தெரிஞ்ச ஒரே ஆளு இவன்தான். டேய் கார்த்தி, எதுக்குடா அந்த லெட்டர எழுதின?"

"எனக்கே இப்பதான் சார் தெரியும். அதோட எனக்குத் தமிழ் டைப்பிங் வராது. என் கடைக்குப் போர்டு எழுதினதே தட்சிணாமூர்த்தி சார்தான்."

மின்னல் அணைந்துவிட்டது.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலையில ஆபீஸ் திறக்கிற நேரத்துல ராகு காலம் வர்றது வாரத்துல ஒரே நாள். திங்கள் மட்டும்தான். சனிக்கிழமை மத்தியானம் கார்த்தி வந்து மாத்தினான். ஞாயிறு லீவு. அப்போ திங்கட்கிழமை காலைதான் முதல் தடவை. அன்னைக்கு ஏழரைக்கு வந்து ஸ்விட்ச் போட்ட ஒருத்தருக்கு மட்டும்தான் இந்த விஷயம் தெரியும். அஞ்சு நாளா அவர் யார்கிட்டயும் சொல்லல."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். தட்சிணாமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், சும்மா சொல்லாதீங்க" என்றேன். "இந்த மனுசன் ராகு காலத்துல டீயே குடிக்கல. கொட்டாவி வந்தாக்கூட தள்ளிப் போடுற ஆளு. இவரா ராகு காலத்துல மொட்டக் கடுதாசி எழுதுவாரு?"

"அதனாலதான் அவர்ங்கிறேன்" என்றார் மேடம். "ஒரு காரியம் நல்லபடியா நடக்கணும்னா நாம என்ன பார்ப்போம்?"

"நல்ல நேரம்."

"நடக்கவே கூடாதுன்னா?"

சரிதா மெதுவாக எழுந்து நின்றாள்.

தட்சிணாமூர்த்தி திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சனிக்கிழமை சாயந்திரம் என்னை எழுதச் சொன்னாங்க. முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இந்த வயசுல வேற வேலைக்கு எங்க போவேன்? ஞாயித்துக்கிழமை முழுக்கச் சாப்பிடல. திங்கட்கிழமை காலையில வந்து ஸ்விட்ச் போட்டேன். ஒன்பதுக்குத்தான் எழுந்திருக்கும்னு பொங்கல் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காம உக்காந்தேன். அது பாட்டுக்கு எழுந்து நின்னு வணக்கம் சொல்லுது. வேர்த்துப் போச்சு. அப்புறம்தான் தோணிச்சு. இந்த நேரத்துல ஆரம்பிச்சா எதுவும் உருப்படாது. உருப்படக் கூடாத காரியம் ஒண்ணு என் கையில இருக்கு. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமான்னு உடனே அடிச்சுட்டேன்."

"அடியில நேரம் விழுமே, அதை ஏன் வெட்டல?" என்றார் மேடம்.

"அதுதான் என் நம்பிக்கையே. மாப்பிள்ளை அம்மா நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கிறவங்க. எட்டு பத்துன்னு பார்த்தா, ராகு காலத்துல எழுதினது செல்லாதுன்னு கிழிச்சுப் போட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"அத்தைக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் சரிதா. "போஸ்ட்மேன்தான் படிச்சுக் காட்டினார். நலம் விரும்பியோட நிறுத்திட்டாராம்."

தட்சிணாமூர்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஒரு விஷயம் என்ன சார்?" என்றாள் அவள். "என்னைப் பத்தி என்ன அப்படி?"

"ஒண்ணுமே இல்லம்மா. கெட்டதா ஏதாவது எழுதச் சொன்னாங்க. எனக்கு எதுவும் தெரியாது. பொய் எழுத மனசு வரல. அதான் சொல்ல விரும்பலைன்னு எழுதினேன்."

அந்த மனிதர் கெடுதல் செய்யக்கூடாது என்று பாடுபட்டுத்தான் அவ்வளவு கெடுதலையும் செய்திருக்கிறார். நேர்மையாக ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நூறிலிருந்து தலைகீழாக எண்ணவேண்டி வந்திருக்காது.

"யாரு எழுதச் சொன்னது?" என்று கேட்டார் மேடம். கேட்டது தட்சிணாமூர்த்தியிடம். பார்த்தது பாலாம்பாளை.

பாலாம்பாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "இவருக்கு வாய் நீளம்" என்றார்.

"ஜோடி சேர்த்து வெச்சப்புறம், அக்கா பொண்ணு ஷர்மிளாவுக்கே மதியழகனை முடிக்கணும்னு இவங்களுக்கு ஆசை வந்துடுச்சு" என்றார் தட்சிணாமூர்த்தி. அணை திறந்துவிட்டது. "ஜாதகம் நாலு தடவை பொருத்திப் பார்க்கச் சொன்னாங்க. நாலு தடவையும் மூணு பொருத்தம்தான் வந்துது. கம்ப்யூட்டர் சரியில்லைன்னு கார்த்தியைக் கூப்பிட்டாங்க. அவன் வந்து பார்த்துட்டு, கணக்கு சரியாத்தான் இருக்கு, வேணும்னா வேகமாக்கித் தரேன்னு புது ஸ்டார்ட்டப்புக்கு மாத்திட்டுப் போயிட்டான்."

அதாவது, கம்ப்யூட்டரை மாற்ற வைத்ததும் பாலாம்பாள்தான். அந்த மாற்றம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. மேடம் இதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். எனக்கு அவ்வளவு நாகரிகம் கிடையாது.

மேடம் போனை எடுத்துக் கிளியம்மாளை அழைத்தார். எழுதியவரைப் பிடித்துவிட்டோம், நேரில் வாருங்கள் என்றார். போனை வைத்ததும் என்னிடம் சொன்னார். "பாவம், அழுதிருக்காங்க. ஆனா கோபத்துல இல்ல, பயத்துல."

மணி பதினொன்றே முக்காலுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து கிளியம்மாள் இறங்கினார். நல்ல உயரம், இடுப்பில் சுருக்குப்பை, வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த வேகம். நேராகக் கம்பிக் கதவு வரை வந்தார். காலைத் தூக்கினார். கீழே வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"மணி இன்னா?"

"பதினொன்னே முக்கால்கா" என்றேன்.

"ராகு காலம். நல்ல வார்த்த பேச வந்தன், உள்ள வரமாட்டேன்" என்று வெயிலிலேயே நின்றுவிட்டார்.

யார் கூப்பிட்டும் அசையவில்லை. சரிதா என்ன நினைத்தாளோ, எழுந்து வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் கம்பிக் கதவில் காதை வைத்தேன். தொழில்.

"அத்தை, எழுதினவரே விஷயம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டார். உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தா என்னையே கேளுங்க. எதுவேணா கேளுங்க. பொய் சொல்ல மாட்டேன்."

கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் புள்ளய உனுக்கு நெஜமா புடிச்சிருக்கா? இல்ல, உங்கப்பன் சொல்லிக் கட்டிக்கிறியா?"

"நெஜமாப் பிடிச்சிருக்கு."

"நான் மீனு விக்கிறவ. எம்மேல வாட அடிக்கும். நாளிக்கு உன் கூட வேல செய்றவங்க வந்தா, மாமியாருன்னு என்னிய காட்டுவியா?"

"காட்டுவேன் அத்தை."

கிளியம்மாள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த விஷயம், விஷயம்னாங்களே. இதான் அதுன்னு நெனச்சுக்கினேன். என்னிய புடிக்காம கல்யாணத்துக்கு அப்புறம் என் புள்ளய தனியா இட்டுகினு பூடுவியோன்னு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் முடியப் புடிச்சு இழுத்துகினு இருந்தன். வலிச்சுதா?"

"கொஞ்சம்" என்றாள் சரிதா. இரண்டு பேரும் அழுதார்கள். நான் காதை எடுத்துவிட்டேன். எனக்கும் ஏதோ போல இருந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கிளியம்மாள் சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். மேடம் நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொன்னார். கிளியம்மாள் பாலாம்பாளைப் பார்க்கவே இல்லை. நேராகத் தட்சிணாமூர்த்தியிடம் போனார்.

"எழுதுனது நீதானா? எங்க சொந்தக்காரங்க அத்தன பேர் காதுலயும் அந்த லெட்டர் விழுந்துச்சு. வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான். இப்போ நல்ல நேரம். இன்னொண்ணு எழுது."

தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து வேகமாக அடித்தார். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் தள்ளியது. சரிதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் கிளியம்மாள்.

"அம்மா அவர்களுக்கு வணக்கம். சரிதா நல்ல பெண். முன் கடிதத்தில் எழுதியது என் தவறு. இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றும் இல்லை. சுப நேரத்தில் அச்சிடப்பட்டது. வெள்ளி மதியம் 12.06."

"பேரு?"

"பேர் போடல" என்றாள் சரிதா.

"மொட்டையா வாணாம். பேர் போடு" என்றார் கிளியம்மாள்.

தட்சிணாமூர்த்தி பாலாம்பாளைப் பார்த்தார். பதினைந்து வருட வேலை அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, இனிஷியலோடு முழுப்பெயரையும் எழுதி, கீழே வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

கிளியம்மாள் அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு மேடத்தின் போனை வாங்கினார். மண்டபத்து நம்பர் அவருக்கு மனப்பாடம். சரிதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே ரத்தம் ஓடுவது நின்றுபோயிற்று.

"மண்டபமா? வியாழக்கெழம கல்யாணம், மதியழகன் அம்மா பேசறன். இல்லப்பா, நிறுத்தல. சாப்பாட்டுக்கு ரெண்டு எல சேத்துப் போடு. ஒண்ணு லெட்டர் எழுதுனவருக்கு. இன்னொண்ணு எழுதச் சொன்ன அம்மாவுக்கு. ரெண்டும் மொதப் பந்தியில, பொண்ணு மாப்ளைக்கு எதுக்கவே போடு."

பாலாம்பாள் எதையோ தேடுகிற மாதிரி மேஜை டிராயரைத் திறந்து, அதற்குள் குனிந்துகொண்டார்.